யூவிங் சார்கோமாவின் நிலை நிர்ணயத்தைத் தேடும்போது பப்மெட்: ஒரு மருத்துவ நூலகரின் மதிப்பீடு

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி, சத்தியமங்கலம் என்று கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் கோவை மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் யாருக்கேனும் அரிதான நோய் இருப்பது தெரிந்தால், மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி முதலில் திறப்பது பப்மெட் என்னும் இலவசத் தளத்தையே. மருத்துவ நூலகராகப் பணியாற்றும் எனக்கு அது அன்றாடக் கருவி. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற பரவலான நோய்களைப் பற்றி எதைத் தட்டினாலும் அது ஏதோ ஒரு நல்ல கட்டுரையைக் கொடுத்துவிடும் என்பதால், அந்த நோய்களை வைத்து அதன் தரத்தை அளக்க முடியாது. உலகம் முழுவதுமே சில நூறு நோயாளிகளை வைத்து ஆய்வு நடக்கும் ஒரு நோயை எடுத்து, அதிலும் ஒரு குறுகலான கேள்வியைக் கேட்டுப் பார்க்கும்போதுதான் அதன் பலமும் பலவீனமும் வெளிப்படும். ஆகவே யூவிங் சார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயில், நோய் உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதைக் கண்டறியும் நிலை நிர்ணயம் தொடர்பான ஆய்வுகளைத் தேடிய அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பணிக்கு இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் பப்மெட்டை மிஞ்ச வேறில்லை. நாம் தட்டிய சொற்களை அது எவ்வாறு புரிந்துகொண்டது, எந்தெந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடியது என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. நான் அதை நம்புவதற்கு அதுவே முதற்காரணம். ஆனால் அது காட்டுவதைப் பாராமல் முதல் பக்கத்தில் வந்த பத்துக் கட்டுரைகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு, அரிய நோய் விஷயத்தில் இதே கருவி பாதிப் படத்தையே கொடுக்கும்.

இந்தத் தேடலுக்கு வித்திட்ட கேள்வி மருத்துவருடையதன்று. தொடையெலும்பில் கட்டியோடு வந்த பதின்வயதுப் பையனின் தகப்பனார், தாராபுரம் பக்கத்து விவசாயி, இளம் மருத்துவரிடம் கேட்டது அது: "ஏனுங்க டாக்டர், அதான் உடம்பு பூராம் ஸ்கேன் எடுத்தாச்சுங்களே, மறுக்கா இடுப்பெலும்புல இந்த ஊசியும் குத்தித்தான் ஆகோணுங்களா?" அவர் குறிப்பிட்டது எலும்பு மஜ்ஜை பயாப்ஸி. யூவிங் சார்கோமா நோயாளிகளுக்கு இடுப்பெலும்பின் இரு பக்கத்திலிருந்தும் மஜ்ஜையை எடுத்துப் பரிசோதிப்பது நெடுங்கால வழக்கம். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே அதைச் செய்கிறார்கள். உடல் முழுவதையும் படமெடுக்கும் பெட்-சிடி ஸ்கேனில் பரவலுக்கான அறிகுறி எதுவும் இல்லாதபோது இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாமா என்று அந்த மருத்துவர் நூலகத்துக்கு வந்து கேட்டார். கேள்வி நேர்மையானது, தெளிவானது, விடை கிடைத்தால் ஒரு பையனுக்கு உடனே பயன்படக்கூடியது. தேடலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

நோயைப் பற்றிச் சில சொற்கள் தேவை. 1921-இல் ஜேம்ஸ் யூவிங் என்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர் விவரித்த இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வருகிறது. 11-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் இணைமரபணு ஏறத்தாழ 85 விழுக்காட்டு நோயாளிகளிடம் காணப்படுகிறது. நோய் கண்டறியப்படும் நேரத்திலேயே நான்கில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை நோய் பரவிய நிலையில் இருக்கிறார்கள். நுரையீரல், பிற எலும்புகள், எலும்பு மஜ்ஜை ஆகியவை அது முக்கியமாகப் பரவும் இடங்கள். பரவியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் கடுமையும் பிழைக்கும் வாய்ப்பும் பெரிதும் அமைவதால், நிலை நிர்ணயத்தில் நேரும் பிழையைப் பின்னால் எளிதில் சரிக்கட்ட முடியாது.

இனி கருவிக்கு வருவோம். பப்மெட்டை நடத்துவது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம். மருத்துவக் கட்டுரைகளை அட்டவணைப்படுத்தும் அந்நூலகத்தின் பணி 1879-இல் இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற அச்சு அட்டவணையோடு தொடங்கியது. 1997-இல் பப்மெட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. இன்று அதில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பதிவு என்றால் முழுக் கட்டுரையன்று; தலைப்பு, ஆசிரியர்கள், இதழ், சுருக்கம் ஆகியவையே. தேடுவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, கைப்பேசியிலும் ஒழுங்காக இயங்குகிறது. இவற்றைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தேடல் பெட்டியில் யூவிங் சார்கோமா ஸ்டேஜிங் என்று ஆங்கிலத்தில் தட்டினால் என்ன நடக்கிறது என்பதுதான் நின்று பார்க்க வேண்டிய இடம். பப்மெட் அந்தச் சொற்களை அப்படியே தேடுவதில்லை. மெஷ் எனப்படும் கட்டுப்படுத்தப்பட்ட தலைப்புச் சொற்களின் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, யூவிங் சார்கோமாவுக்கான தலைப்புச் சொல்லையும் புற்றுநோய் நிலை நிர்ணயத்துக்கான தலைப்புச் சொல்லையும் தானே சேர்த்துக்கொள்கிறது. மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றில் அந்தத் தேடலின் விவரத்தைத் திறந்தால், எந்தச் சொல் எதுவாக மாற்றப்பட்டது என்பது வரிவரியாகத் தெரியும். கூகுள் ஸ்காலர் இத்தகைய கணக்கை ஒருபோதும் காட்டுவதில்லை. மருத்துவர்களுக்கு நான் தரும் முதல் அறிவுரை, முடிவுகளைப் படிப்பதற்கு முன் அந்த விவரத்தைப் படியுங்கள் என்பதே. மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினாலும், சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டாலும் இந்தத் தானியங்கி விரிவாக்கம் நின்றுவிடும் என்பதையும் அங்கேயே கண்ணாரக் காணலாம்.

மெஷ் தலைப்புச் சொற்கள் அரிய நோய்க்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த ஒரே நோயை ஒருவர் யூவிங் சார்கோமா என்பார், இன்னொருவர் யூவிங்ஸ் டியூமர் என்பார், மூன்றாமவர் யூவிங் குடும்பக் கட்டிகள் என்பார். மார்புச் சுவரில் வந்தால் அஸ்கின் கட்டி என்ற பெயரும் உண்டு. ஆசிரியர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும், அட்டவணையில் ஒரே தலைப்பின் கீழ் கட்டுரை வந்து சேர்ந்தால் தேடுபவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இந்த ஏற்பாட்டில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு விசித்திரம் உண்டு: மெஷ் சொற்களைக் கிளைகளாக அடுக்கிய மரத்தில் யூவிங் சார்கோமா, ஆஸ்டியோசார்கோமா என்ற வேறோர் எலும்புப் புற்றுநோயின் ஒரு கிளையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தலைப்பைத் தேடினால் அதன் கிளைகளையும் பப்மெட் தானாகவே சேர்த்துக்கொள்ளும். எனவே ஆஸ்டியோசார்கோமாவை மட்டும் தேடுகிறேன் என்று நினைப்பவருக்கு யூவிங் கட்டுரைகளும் கலந்து வரும். யூவிங்கைத் தேடுபவருக்கு இதனால் தொல்லை இல்லை என்றாலும், இரண்டு நோய்களையும் ஒப்பிட விரும்புபவர் கிளைகளை நீக்கும் குறியீட்டைப் பயன்படுத்தாவிட்டால் கணக்கே தவறிவிடும்.

இந்தக் கலப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு 2000-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வே சான்று. எலும்புக்குப் பரவிய நோயைக் கண்டறிவதில் பெட் ஸ்கேனையும் வழக்கமான எலும்பு ஸ்கேனையும் அது ஒப்பிட்டது. யூவிங் சார்கோமாவில் பெட் ஸ்கேன் முந்தியது. ஆஸ்டியோசார்கோமாவில் அப்படி முந்தவில்லை. ஒரே கட்டுரைக்குள் இரண்டு நோய்களுக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. எலும்புப் புற்றுநோய் என்ற பொதுத் தலைப்பில் தேடி, சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வருபவர் எந்த விடையை எந்த நோயாளிக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. அதனால்தான் நோயின் பெயரில் கண்டிப்பாகவும் மற்ற எல்லாச் சொற்களிலும் தாராளமாகவும் இருங்கள் என்று எங்கள் நூலகத்துக்கு வரும் முதுநிலை மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்தத் தாராளம் மிகவும் தேவைப்படும் இடம் நிலை நிர்ணயம் என்ற சொல்தான். பப்மெட்டின் உண்மையான பலவீனத்தை இங்கேதான் காண்கிறேன், எனினும் முழுப் பழியையும் அதன் மேல் சுமத்த முடியாது. எலும்புப் புற்றுநோய்களுக்கு முறையான நிலை வகுப்புகள் இருக்கின்றன. எனக்கிங் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் 1980-இல் வெளியிட்ட முறை, கட்டியின் வீரியத்தையும் அது தோன்றிய பகுதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா என்பதையும் வைத்து வகுக்கிறது. புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவின் முறையில் எட்டாம் பதிப்பு 2018 முதல் நடைமுறையில் உள்ளது. அது கை கால் எலும்புகளில் 8 சென்டிமீட்டரை எல்லையாகக் கொண்டு கட்டியின் அளவைப் பிரிக்கிறது, முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் தனி அளவுகோல் வைக்கிறது, நுரையீரலுக்கு மட்டும் பரவியதையும் பிற இடங்களுக்குப் பரவியதையும் வேறுபடுத்துகிறது. ஆனால் யூவிங் சார்கோமாவுக்குச் சிகிச்சையளிப்பவர்கள் நடைமுறையில் பெரும்பாலும் ஓரிடத்தில் உள்ள நோய், பரவிய நோய் என்று இரண்டாகவே பிரிக்கிறார்கள். ஐரோப்பியச் சிகிச்சை ஆய்வுகளில் கட்டியின் கன அளவு 200 மில்லிலிட்டருக்கு மேலா கீழா என்பதும் முக்கியமாகக் கருதப்படுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய கட்டுரைகள் பலவற்றின் தலைப்பிலோ சுருக்கத்திலோ ஸ்டேஜிங் என்ற சொல்லே இருப்பதில்லை. ஆரம்பப் பரிசோதனை, நோயின் பரவல், கண்டறியும் வேளையில் மெட்டாஸ்டாசிஸ், மஜ்ஜை ஈடுபாடு என்றெல்லாம் அவை எழுதப்பட்டிருக்கும். அட்டவணைப்படுத்துபவர் நிலை நிர்ணயம் என்ற தலைப்புச் சொல்லை அவற்றுக்குச் சேர்க்கவில்லையென்றால் அவை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இதற்கு நான் கண்ட வழி, கேள்வியை மூன்று கட்டுகளாகப் பிரிப்பது. முதல் கட்டில் நோயின் பெயர்கள் அனைத்தையும், தலைப்புச் சொல்லாகவும் சாதாரணச் சொற்களாகவும், ஆர் (OR, அல்லது) என்ற இணைப்பால் சேர்க்கிறேன். இரண்டாவதில் எலும்பு மஜ்ஜை, அதன் பயாப்ஸி, ஊசியால் உறிஞ்சி எடுத்தல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள். மூன்றாவதில் பெட் ஸ்கேன் தொடர்பானவை. மூன்றையும் ஆண்ட் (AND, மற்றும்) என்று இணைத்தால் குறுகலான, நேரடியான விடைகள் வருகின்றன. மூன்றாவதை நீக்கி முதல் இரண்டை மட்டும் இணைத்தால், ஸ்கேனைப் பற்றிப் பேசாமல் மஜ்ஜை எத்தனை பேரிடம் பாதிக்கப்பட்டிருந்தது என்று மட்டும் சொல்லும் பழைய கட்டுரைகளும் வருகின்றன. கேள்விக்கு இரண்டும் தேவை. நிலை நிர்ணயம் என்ற தலைப்புச் சொல்லை நான் நான்காவது கட்டாக வைப்பதில்லை. வைத்தால் நல்ல கட்டுரைகள் வெளியே தள்ளப்படுகின்றன. இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். பப்மெட் அவற்றை இடமிருந்து வலமாகவே படிப்பதால் ஒவ்வொரு கட்டையும் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் முடிவின் எண்ணிக்கை திடீரென்று பெருகும், தேடுபவருக்குக் காரணமும் புரியாது.

நோயின் பெயர்களைச் சேர்க்கும்போது ஒரு சுருக்கெழுத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். யூவிங் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகைக் கட்டியைப் பழைய கட்டுரைகள் பி-நெட் (PNET) என்று சுருக்கி எழுதின. அதே நான்கு எழுத்துகளால் கணையத்தில் வரும் நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டியையும் இன்று சுருக்குகிறார்கள். அந்தச் சுருக்கத்தைத் தனியாகச் சேர்த்தால் கணையக் கட்டுரைகள் குவிந்து, தேவையான சில கட்டுரைகள் அவற்றுக்குள் புதைந்துவிடும். முழுப் பெயரை எழுதிச் சேர்ப்பதே பாதுகாப்பு. பெயரும் மஜ்ஜையும் வெகுதூரம் தள்ளி இடம்பெறும் சுருக்கங்களைக் குறைக்க, 2022-இல் பப்மெட் சேர்த்த அருகாமைத் தேடல் வசதி உதவுகிறது: இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை சொற்கள் வரை வரலாம் என்று நாமே குறிப்பிடலாம். இவ்வளவு காலம் இந்த வசதி இல்லாமல் கட்டணத் தளங்களைப் பார்த்து ஏங்கிய நூலகர்களுக்கு அது பெரிய வரவு.

இடப்பக்கத்தில் உள்ள வடிகட்டிகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அரிய நோயைத் தேடுபவர் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. பையனுக்கு வயது பதினைந்து என்பதால் குழந்தைகள் என்ற வயது வடிகட்டியை அழுத்துவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அந்த வடிகட்டி மெஷ் அட்டவணைப்படுத்தலை நம்பியே இயங்குகிறது. பப்மெட்டில் மெஷ் சொற்கள் இடப்பட்ட பகுதியான மெட்லைனுக்குள் அட்டவணைப்படுத்தப்படாத கட்டுரைகள், அவை முழுக்க முழுக்கச் சிறுவர்களைப் பற்றியவையாக இருந்தாலும், ஒரே சொடுக்கில் மறைந்துவிடும். இலவச முழுக் கட்டுரை என்ற வடிகட்டி அதைவிடக் கெடுதலானது, ஏனென்றால் எது உண்மை என்பதை எது இலவசம் என்பதால் தீர்மானிக்கச் செய்கிறது. பரவலான நோய்களில் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரும்போது குறைப்பதற்கு வழி வேண்டும். இந்த நோயில், கட்டுகளைச் சரியாக அமைத்த பிறகு வரும் எண்ணிக்கை ஒரு மாலைப்பொழுதில் தலைப்புகளைப் படித்து முடிக்கக்கூடியதாகவே இருக்கிறது. குறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையும் இதனோடு சேர்ந்தது. பப்மெட் இயல்பாகவே மிகப் பொருத்தமானது முதலில் என்ற வரிசையில் காட்டுகிறது. அவசரத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க அது வசதி. ஆனால் நிலை நிர்ணயம் காலத்தால் மாறிக்கொண்டே வந்த துறை. பெட் ஸ்கேன் பரவுவதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரையும் பின்னர் எழுதப்பட்டதும் வேறு வேறு உலகத்தைச் சேர்ந்தவை. தேதி வாரியாக மாற்றி, பழையதிலிருந்து புதியதற்கு வந்தால், மஜ்ஜைப் பரிசோதனை ஏன் வழக்கமானது, எப்போது அதைப் பற்றிய ஐயம் எழுந்தது என்ற கதை தானாகவே விரிகிறது. எந்தக் கட்டுரை எந்த நிலை வகுப்பைப் பயன்படுத்தியது என்பதை ஊகிக்கவும் ஆண்டு உதவுகிறது.

இப்படித் தேடியபோது கிடைத்தது என்ன? பின்னோக்கிப் பார்த்து எழுதப்பட்ட பல சிறு ஆய்வுகளும், அவற்றைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த முறைசார் மதிப்பாய்வு ஒன்றும் கிடைத்தன. அவை பொதுவாகச் சொல்வது இதுதான்: பிற இடங்களில் பரவல் எதுவும் காணப்படாத நோயாளிகளிடம் மஜ்ஜை மட்டும் தனியாகப் பாதிக்கப்பட்டிருப்பது மிக அரிது, பெட் ஸ்கேன் மஜ்ஜைப் பாதிப்பைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது, எனவே அத்தகையோருக்கு ஊசிப் பரிசோதனையைத் தவிர்ப்பது பற்றி யோசிக்கலாம். அதே கட்டுரைகள் வேறு சிலவற்றை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. நோயாளி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கப்படும் பெட்-சிடியில் நுரையீரலின் சிறு முடிச்சுகள் தவறிவிடக்கூடும் என்பதால் மார்புக்குத் தனி சிடி ஸ்கேன் தேவை. ஒரே எலும்பில் தள்ளி இருக்கும் இரண்டாம் கட்டியைக் காண அந்த எலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ தேவை. தகப்பனாரின் கேள்விக்கு இது நேரான ஆம் அல்லது இல்லை அன்று. மருத்துவர் இதை வைத்துக்கொண்டு பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசும் ட்யூமர் போர்டு கூட்டத்தில் கதிரியக்க நிபுணரோடும் குழந்தைப் புற்றுநோய் நிபுணரோடும் பேச முடிந்தது. அந்தப் பையனுக்கான முடிவை எடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

நம் நாட்டு அனுபவத்தைத் தேடுவதற்கும் பப்மெட்டில் வழி உண்டு. ஆசிரியர்களின் நிறுவன முகவரியில் இந்தியா என்ற சொல்லைத் தேடச் சொன்னால், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் தில்லி எய்ம்ஸும் யூவிங் சார்கோமா பற்றி வெளியிட்ட கட்டுரைகள் முன்னால் வருகின்றன. நோயாளிகள் எந்த நிலையில் வந்து சேர்கிறார்கள், எந்தப் பரிசோதனை எங்கே கிடைக்கிறது என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இந்தக் கட்டுரைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் 2014-க்கு முந்தைய பதிவுகளில் பெரும்பாலும் முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே இருப்பதால், இந்தியர்கள் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் உள்ள பழைய கூட்டு ஆய்வுகள் இதில் அகப்படுவதில்லை.

எனக்குப் பிடித்த வசதியைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. ஒவ்வொரு பதிவின் கீழும் ஒத்த கட்டுரைகள் என்ற பட்டியல் இருக்கிறது. தலைப்பு, சுருக்கம், மெஷ் சொற்கள் ஆகியவற்றின் ஒற்றுமையைக் கணித்து அது அமைக்கப்படுகிறது. நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால், நூல் பிடித்துப் போவதுபோல் அதன் வழியே அடுத்தடுத்த கட்டுரைகளுக்குப் போகலாம். நம் கட்டுகளில் சிக்காத சொற்களில் எழுதப்பட்டவை இவ்வழியில்தான் வெளிப்படுகின்றன. வெளிப்பட்ட அந்தச் சொற்களை மீண்டும் கட்டுகளில் சேர்த்துத் தேடினால் வலை இன்னும் இறுகும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மேலே தெளிவான எச்சரிக்கை இடப்படுவதும் பாராட்டுக்குரியது. எனினும் பப்மெட்டில் இடம்பெற்றிருப்பதே ஒரு கட்டுரைக்குத் தரச் சான்றாகிவிடாது. பன்னிரண்டு நோயாளிகளை வைத்து எழுதியதும் முந்நூறு பேரை வைத்து எழுதியதும் பட்டியலில் ஒரே உயரத்தில்தான் நிற்கும்.

பிற தளங்களோடு ஒப்பிட்டால், கூகுள் ஸ்காலர் முழுக் கட்டுரைக்குள்ளும் தேடுகிறது என்பது அதன் பெரிய பலம். மஜ்ஜை பற்றிய எண்ணிக்கை ஓர் அட்டவணையின் மூலையில் மட்டும் இருக்கும் கட்டுரையை அது காட்டக்கூடும். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதையும் அது பப்மெட்டைவிட விரிவாகச் சொல்கிறது. ஆனால் முதல் ஆயிரம் முடிவுகளுக்கு மேல் காட்டாது. எதன்படி வரிசைப்படுத்துகிறது என்பதும் தெரியாது. இன்று செய்த தேடலை நாளை இன்னொருவர் அப்படியே செய்து சரிபார்க்க இயலாத கருவியை முதன்மையாகக் கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. எம்பேஸ் ஐரோப்பிய இதழ்களையும் மாநாட்டுச் சுருக்கங்களையும் கூடுதலாகக் கொண்டது. முறைசார் மதிப்பாய்வு எழுதுபவர் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அது கட்டணத் தளம், அந்தக் கட்டணம் சிறு நகர மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகள் உயர்தரமானவை என்றாலும், இவ்வளவு அரிய நோயில் இவ்வளவு குறுகிய கேள்விக்கு அங்கே நேரடி விடையை எதிர்பார்க்கக் கூடாது.

பப்மெட்டில் கண்டுபிடித்ததைப் படிக்க முடியாமல் போவதுதான் இங்கே மிகுந்த வேதனை தரும் விஷயம். பப்மெட் சென்ட்ரல் என்ற துணைத் தளத்தில் பல கட்டுரைகள் முழுமையாக இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றுக்குப் பதிப்பாளர் தளம் பணம் கேட்கும். ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், மத்திய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் 2025 முதல் திறந்துவிடப்பட்டன. அரசு மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைப் பலர் இன்னும் உணரவில்லை. ஆனால் கொங்கு நாட்டில் புற்றுநோய் சிகிச்சையின் பெரும்பங்கு தனியார் மருத்துவமனைகளிலும் அறக்கட்டளை மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அவை இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. நோயாளி ஒருவரே, அவர் எந்த வாசலில் நுழைந்தார் என்பதைப் பொறுத்து அவருடைய மருத்துவர் படிக்கக்கூடியது மாறுகிறது. இதைச் சரியென்று ஏற்க என்னால் முடியவில்லை. இப்போதைக்கு, பதிவில் உள்ள தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதே நான் பரிந்துரைக்கும் வழி. அரிய நோய்களில் ஆய்வு செய்பவர்கள் பெரும்பாலும் தங்கள் கட்டுரையை மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கிறார்கள்.

நோயாளியின் குடும்பத்தார் இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஆங்கிலம் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் இரவெல்லாம் கைப்பேசியில் தேடி, மறுநாள் அச்சிட்ட தாள்களோடு மருத்துவரைப் பார்க்க வருகிறார்கள். அவர்களைத் தடுக்க நான் விரும்பவில்லை. ஆனால் சுருக்கங்களில் வரும் பிழைப்பு விகிதங்கள், பல ஆண்டுகளுக்கு முன் வேறு சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியவை. அவற்றைத் தம் பிள்ளைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிசோதனையைப் பற்றிய ஒரு கேள்வியை எழுதி, தொடர்புடைய ஒரு கட்டுரையின் பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கொடுத்தால் போதும். அந்த எண்ணைப் பெட்டியில் தட்டினால் கட்டுரை நேராகத் திறக்கும். நல்ல மருத்துவர் அதைப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

மருத்துவர்களும் நூலகர்களும் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. தேடல் வரலாறு எட்டு மணி நேரம் பயன்படுத்தாமல் விட்டால் அழிந்துவிடும் என்பதால், கட்டுகளை அமைத்து முடித்தவுடன் சேமிப்பதற்கென்று பப்மெட்டில் தொடங்கும் என்சிபிஐ கணக்கில் அந்தத் தேடலைச் சேமித்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை மின்னஞ்சல் வருமாறு அமைத்தால், யூவிங் சார்கோமாவில் மஜ்ஜைப் பரிசோதனை பற்றிப் புதிதாக எது வெளிவந்தாலும் அது நம் பெட்டிக்கே வந்து சேரும். இந்த நோயில் புதிய கட்டுரைகள் அதிகம் வருவதில்லை என்பதால் அந்த மின்னஞ்சல்கள் யாருக்கும் சுமையாகாது. ஒவ்வொரு துறையிலும் முதுநிலை மாணவர் ஒருவர் பொறுப்பேற்று, வந்ததைப் படித்து ட்யூமர் போர்டு கூட்டத்தில் சில நிமிடங்கள் சொன்னால், அடுத்த நோயாளி வரும்போது தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.